ஆப்பிரிக்கத் தானுந்துத் தொழிற்துறை

ஆப்பிரிக்கத் தானுந்துத் தொழிற்துறை என்பது ஆப்பிரிக்கக் கண்டத்தில் நடைபெறும் தானுந்து உற்பத்தி, பொருத்துதல், விற்பனை ஆகியவற்றைக் குறிக்கும். உலக வாகன உற்பத்தியில் இதன் பங்கு 2 விழுக்காட்டிற்கும் குறைவு.

உற்பத்தி

ஃபோர்டு நிறுவனம் 1924 இல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில் தானுந்துகளைப் பொருத்தத் தொடங்கியது. மொரோக்கோவின் தாஞ்சியர் அருகே 2012 இல் ரெனோ ஆலை திறக்கப்பட்டது. 2023 இல் தென்னாப்பிரிக்கா 6 இலட்சத்திற்கும், மொரோக்கோ 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாகனங்களை உற்பத்தி செய்தன. இவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியாகிறது.

சந்தை

பல நாடுகளில் வருமானம் குறைவு. வாகனக் கடன் பெறுவதும் கடினம். எனவே பெரும்பாலானோர் இறக்குமதியான பழைய தானுந்துகளையே வாங்குகின்றனர். 2015-2018 காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம், யப்பான், ஐக்கிய அமெரிக்கா ஆகியன ஏற்றுமதி செய்த 1.4 கோடி பழைய இலகு வாகனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆப்பிரிக்காவிற்குச் சென்றதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2020 இல் தெரிவித்தது. சிலவற்றில், புகையின் நச்சுத்தன்மையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, அதிலுள்ள பிளாட்டினத்திற்காகவே அகற்றப்பட்டிருந்தது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள்

தென்னாப்பிரிக்கா பழைய தானுந்து இறக்குமதியைப் பொதுவாகத் தடை செய்துள்ளது. கென்யா 8 ஆண்டு வயது வரம்பை விதித்துள்ளது. இத்தகைய கட்டுப்பாடுகள் உள்நாட்டு ஆலைகளுக்கும் காற்றின் தூய்மைக்கும் துணைபுரியும். ஆனால் மலிவான வாகனங்கள் குறைவதால், குறைந்த வருமானம் உடையோர் தானுந்து வாங்குவது மேலும் கடினமாகும்.