அரை மில்லிமீட்டர் ஓட்டின் அறிவியல்

சரத் கமல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் ஒற்றையர் தங்கத்தை இரண்டு முறை வென்றிருக்கிறார். முதலாவது 2006இல், மெல்போர்னில். இரண்டாவது 2022இல், பர்மிங்காமில், நாற்பது வயதில். இரண்டுக்கும் நடுவே அவர் அடித்த பந்தே மாறிவிட்டது. மெல்போர்னில் ஆடியது செல்லுலாய்டு பந்து. பர்மிங்காமில் ஆடியது செல்லுலாய்டு இல்லாத புதிய பிளாஸ்டிக் பந்து. சென்னையில் சிறு வயது முதல் ஒரு பந்தின் துள்ளலுக்கும் சத்தத்துக்கும் பழகிய கை, முப்பதைத் தாண்டிய பிறகு இன்னொரு பந்துக்குப் பழகிக்கொண்டது சாதாரண விஷயமல்ல. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பந்துதான். ஆடுபவர் கைக்கு அப்படியில்லை.

மாற்றம் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியும், டேபிள் டென்னிஸ் பந்து வாங்கப் போகும்போது நம்மில் பலர் நிறத்தையும் விலையையும் மட்டுமே பார்க்கிறோம். பேட்டுக்கும் ரப்பருக்கும் ஆயிரக்கணக்கில் தரத் தயங்காத பெற்றோர்கூட, பந்து என்றதும் டஜன் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். பிள்ளையின் கையும் கண்ணும் பாடம் படிப்பது பந்தின் பாதையைப் பார்த்துத்தான். அந்தப் பாதை கோணலாக இருந்தால் பாடமும் கோணல்தான்.

பழைய பந்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் புதிய பந்தின் சிக்கல் புரியும். யானைத் தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயட், 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் செல்லுலாய்டைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். நைட்ரோசெல்லுலோஸுடன் கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தால் கிடைக்கும் பொருள் அது. இங்கிலாந்தில் அந்த நூற்றாண்டின் இறுதியில் பொழுதுபோக்காக இருந்த மேசை விளையாட்டில் ரப்பர், தக்கைப் பந்துகளை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 1900ஐ ஒட்டி செல்லுலாய்டுப் பந்து வந்த பிறகுதான் இன்று நாம் அறிந்த ஆட்டம் பிறந்தது. பழைய பந்து ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கற்பூர வாசனை நினைவிருக்கும்.

கற்பூரம் மட்டுமல்ல, நைட்ரோசெல்லுலோஸும் தீயை விரும்பும் பொருள். அந்தக் காலத் திரைப்படச் சுருள்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய படங்கள் பல தீயில் அழிந்ததற்கு அதுவே காரணம். ஒரு செல்லுலாய்டுப் பந்தில் நெருப்பு வைத்தால் சில நொடிகளில் சுவாலையாக எரிந்து முடிந்துவிடும். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து, விமானத்தில் ஏற்றுவதற்குக் கட்டுப்பாடு என்ற காரணங்களை முன்வைத்து, சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிடிஎஃப் 2014 ஜூலை 1 முதல் செல்லுலாய்டு அல்லாத பந்துகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. 2000 அக்டோபரில் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது, எடை 2.5 கிராமிலிருந்து 2.7 கிராமுக்கு ஏறியது. புதிய பிளாஸ்டிக் பந்துகளின் மேல் 40 என்ற எண்ணையடுத்து ஒரு கூட்டல் குறி இருக்கும். இவற்றின் விட்டம் 40.0 முதல் 40.6 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்பது விதி. பழைய 40 மில்லிமீட்டர் செல்லுலாய்டுப் பந்துகளுக்கு 39.5 வரை அனுமதி இருந்தது. மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் சுழற்றி அடிப்பவர்கள் அதை உடனே உணர்ந்தார்கள்.

பந்தின் உள்ளே இருப்பது வெறும் காற்று. எடை முழுவதும் ஓட்டில்தான். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளத்தின் மேற்பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். செல்லுலாய்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிராம். 2.7 கிராம் செல்லுலாய்டை அந்தப் பரப்பில் சீராகப் பரப்பினால் ஓட்டின் தடிமன் 0.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். இன்று பெரும்பாலான நல்ல பந்துகள் செய்யப்படும் ஏபிஎஸ், கார் டேஷ்போர்டிலும் குழந்தைகளின் கட்டுமானக் கட்டைகளிலும் உள்ள அதே பிளாஸ்டிக். அதன் அடர்த்தி 1.05 அளவில்தான். பொருள் லேசானது, எடையோ மாறக் கூடாது. ஆகவே ஓட்டைத் தடிமனாக்கியே தீரவேண்டும்: சுமார் அரை மில்லிமீட்டர். ஓட்டின் தடிமனும் மாறி, பொருளின் விறைப்பும் மாறினால் துள்ளல் மாறும், சத்தம் மாறும், ரப்பரில் பந்து பதிந்து நிற்கும் நேரமும் மாறும். இத்தனையையும் பழைய பந்துக்கு அருகில் கொண்டுவருவதுதான் தயாரிப்பாளர்கள் முன் இருந்த சவால்.

தொடக்கத்தில் அவர்கள் தடுமாறினார்கள். முதலில் வந்தவற்றில் பல செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளில் செய்தவை. வெகு சீக்கிரம் விரிசல் விட்டன. வீரர்கள் வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். சீனாவின் சூ ஷாஃபா நிறுவனம், இரு பாதிகளை ஒட்டும் மூட்டே இல்லாத பந்தைக் கொண்டுவந்தது. உழைக்கக்கூடியது என்று பெயரெடுத்தாலும், அதன் கடினமான சத்தமும் துள்ளலும் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் ஏபிஎஸ் பந்துகள் வந்து நிலைமையைச் சீராக்கின. டிஎச்எஸ், நிட்டாக்கு, பட்டர்ஃபிளை, நம் நாட்டு மீரட்டைச் சேர்ந்த ஸ்டாக் என்று பல பெயர்களில் அங்கீகாரம் பெற்ற பந்துகள் இன்று கிடைக்கின்றன.

இவ்வளவு லேசான பொருளில் சிறு குறை என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று தோன்றலாம். லேசாக இருப்பதுதான் பிரச்சினையே. விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஸ்மாஷில், பந்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் விசையைக் கணக்கிட்டால் அது பந்தின் எடையைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு வருகிறது. கிரிக்கெட் பந்தையோ ஹாக்கிப் பந்தையோ காற்று இந்த அளவுக்கு ஆட்டிப்படைக்க முடியாது. அதோடு சுழற்சியும் சேர்கிறது. டாப் ஸ்பின்னில் முன்னோக்கிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதன் எதிர்விளைவாகப் பந்து கீழே அழுத்தப்பட்டு, மேசையில் சட்டென்று இறங்குகிறது. மேக்னஸ் விளைவு என்று இயற்பியல் சொல்வது இதைத்தான். டேபிள் டென்னிஸின் அழகு முழுவதும் இந்தக் காற்று விசைகளின் மேல் கட்டப்பட்டது.

ஓடு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் பந்தின் எடை மையம் அதன் நடுவில் இருக்காது. வேகமாகச் சுழலும்போது பந்து தள்ளாடும். உருண்டை சரியில்லாவிட்டால், எந்தப் பக்கம் மேசையில் படுகிறது என்பதைப் பொறுத்துத் துள்ளலின் உயரமும் கோணமும் மாறும். மூட்டின் மேல் பட்டால் ஒரு துள்ளல், மூட்டை விட்டுப் பட்டால் வேறொரு துள்ளல். ஆகவே ஒரு பந்தின் தரம் என்பது ஒரே வார்த்தையில் சீர்மை. வட்டம், தடிமன், விறைப்பு மூன்றும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றாக இருக்கவேண்டும். உயர்ந்த பிளாஸ்டிக், வெளிநாட்டுப் பெயர், பளபளப்பான டப்பா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐடிடிஎஃப் தன் ஆய்வில் அளப்பதும் இவற்றைத்தான். சராசரி எடை 2.67 முதல் 2.77 கிராமுக்குள் இருக்கவேண்டும். ஒரே பந்தின் மிகப் பெரிய விட்டத்துக்கும் மிகச் சிறிய விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 0.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 305 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் துண்டின் மேல் விட்டால் 240 முதல் 260 மில்லிமீட்டர் வரை எழவேண்டும். ஓட்டை அழுத்திப் பார்க்கும் சோதனையில் மூட்டுப் பகுதியும் மற்ற பகுதியும் அதிக வித்தியாசமின்றிக் குழியவேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது உருட்டும் சோதனை. சிறு சரிவிலிருந்து சமதளத்தில் பந்தை உருளவிடுகிறார்கள். ஒரு மீட்டர் போவதற்குள் நேர்கோட்டிலிருந்து 175 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பந்து தேறாது. எடை மையம் தப்பிய பந்தைக் காட்டிக்கொடுக்க இதைவிட எளிய வழி கிடையாது.

வீட்டிலும் இவற்றில் பெரும்பாலானவற்றை எளிய வழிகளில் சோதிக்கலாம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிப் பந்தை மிதக்கவிடுங்கள். பந்து தன் எடையைப்போல் பன்னிரண்டு மடங்கு தண்ணீரை விலக்கக்கூடியது. அதனால் முக்கால் பங்குக்கும் மேல் வெளியே தெரிய, மேலாக மிதக்கும். ஏதாவது ஒரு புள்ளியில் பேனாவால் சிறு அடையாளம் வைத்து, மெல்லத் திருப்பிவிட்டு நிற்கும்வரை காத்திருங்கள். நல்ல பந்து திருப்பிவிட்ட இடத்திலேயே, எங்கு வேண்டுமானாலும் ஓய்ந்து நிற்கும். கனம் ஒரு பக்கம் ஒதுங்கிய பந்து, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப்போல் எப்படித் திருப்பினாலும் தயங்கித் தயங்கிப் பழைய நிலைக்கே வந்து சேரும். சில பந்துகள் சோம்பலாகத் திரும்பும், சில விருட்டென்று திரும்பும். திரும்பும் வேகம் கூடக்கூடக் குறை பெரிது. சோதித்தபின் பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் பந்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

அடுத்தது சுழற்றிப் பார்ப்பது. மேசையில் பந்தை வைத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பம்பரம்போல் சுண்டிவிடவேண்டும். உருண்டை சரியாக இருந்தால் நின்ற இடத்திலேயே சுழலும், அச்சிட்ட எழுத்து தெளிவான வளையமாகத் தெரியும். சரியில்லாவிட்டால் விளிம்பு மங்கலாகி நடுங்கும். பிறகு கைபேசியின் டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். ஓடு மெலிந்த இடம் வெளிச்சமாகவும் தடித்த இடம் மங்கலாகவும் தெரியும். மூட்டுள்ள பந்தில் நடுவே ஒரு மெல்லிய வளையம் தெரிவது இயல்பு. அது எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. எடைக்கு, மில்லிகிராம் வரை காட்டும் நகைத் தராசு போதும். துள்ளலுக்கு ஒரு அடிக்கோலும் கைபேசி வீடியோவும் போதும்: 30 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் நல்ல மேசையில் சுமார் 23 சென்டிமீட்டர் எழவேண்டும். டப்பாவில் உள்ள எல்லாப் பந்தும் ஒரே உயரத்துக்கு எழுகிறதா என்று பார்ப்பதுதான் இதில் முக்கியம்.

பந்தில் அச்சிட்ட நட்சத்திரங்களை நம்பலாமா? நட்சத்திரம் போடுவது தயாரிப்பாளர்தான். உருவாகிவரும் பந்துகளைத் தரம் பிரித்து, மிகச் சீரானவற்றுக்கு மூன்று நட்சத்திரமும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் தருவது வழக்கம். ஆகவே பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பந்து, பெயரே தெரியாத ஒருவரின் மூன்று நட்சத்திரப் பந்தைவிடப் பல நேரம் மேலானது. மூன்று நட்சத்திரத்தோடு ஐடிடிஎஃப் முத்திரையும் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் குறிக்குப் பொருள் உண்டு. இணையத்தில் குவியல் குவியலாகக் கிடைக்கும் மலிவுப் பந்துகளிலும் 40 என்றும் கூட்டல் குறி என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றில் பல பாலிபுரொப்பிலீனில் செய்தவை. விரலால் அழுத்தினால் தொய்ந்து கொடுக்கும், மேசையில் மந்தமாக எழும். பிறந்தநாள் விழா விளையாட்டுக்கு அவை சரி. ஆட்டம் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் எதிரே அவற்றைப் போடக் கூடாது.

பயிற்சிக்கூடங்கள் வாங்கும்போது ஒன்றை மனத்தில் வைக்கலாம். பயிற்சியாளர் அடுத்தடுத்துப் பந்து போடும் மல்டி பால் பயிற்சிக்குக் கூடை நிறையப் பந்து வேண்டும். அத்தனையும் மூன்று நட்சத்திரமாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் அத்தனையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கவேண்டும். பழைய செல்லுலாய்டு நாலு, மூட்டில்லாதது பத்து, ஏபிஎஸ் மீதி என்று கலந்து கிடக்கும் கூடையிலிருந்து பந்து வரும்போது, பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு துள்ளலைச் சந்திக்கிறது. தவறு கையிலா பந்திலா என்று பயிற்சியாளருக்கே தெரியாமல் போகும்.

பந்துக்கு ஆயுளும் உண்டு. புதுப்பந்தின் மேல் மெல்லிய மாவுபோன்ற தூசி இருக்கும். துடைத்துவிட்டு ஆடினால் ரப்பர் வழுக்காது. ஆட ஆடப் பந்தின் சொரசொரப்பு தேய்ந்து வழுவழுப்பாகும். அப்போது சுழற்சி ஏறாது. விரிசல் பெரும்பாலும் மூட்டை ஒட்டியே தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும், மேசையில் பட்டதும் சத்தம் உடைந்து கேட்கும். நசுங்கிய பந்தைக் கொதிநீரில் போட்டு எழுப்பும் பழைய வித்தை செல்லுலாய்டுக்கு ஓரளவு பலித்தது, அந்தப் பொருள் கொதிநிலைக்கு முன்பே இளகிவிடும் என்பதால். ஏபிஎஸ் இளகுவதற்கு 100 டிகிரிக்கும் மேல் வேண்டும். அப்படியே எழுந்தாலும் உருண்டை திரும்ப வராது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பந்து டப்பாவை விட்டுவைப்பதும் நல்லதல்ல.

மொத்தமாக வாங்கும் முன் ஒரு சிறு டப்பா மட்டும் வாங்கி, தண்ணீரிலும் மேசையிலும் வெளிச்சத்திலும் பார்த்துவிட்டு, சில நாள் ஆடிப் பாருங்கள். எத்தனை விரிசல் விட்டன, எத்தனை தள்ளாடின என்று எழுதி வையுங்கள். வேறு நிறுவனத்தின் டப்பாவையும் அதேபோல் சோதித்துவிட்டு, இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் மொத்த ஆர்டரைக் கொடுங்கள்.