சமூகப்பணி மாணவருக்கு யார் மதிப்பெண் போடுவது?

எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவர்கள் பெரும்பாலான கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு வருவதில்லை. குடிசைப் பகுதி, கிராமம், அரசு மருத்துவமனை, முதியோர் இல்லம் என ஏதாவது ஓரிடத்தில் களப்பணியில் இருப்பார்கள். இது தவிர ஒரு வாரம், பத்து நாள் கிராமிய முகாம் உண்டு; படிப்பு முடியும் தறுவாயில் ஒரு மாதத் தொடர் களப்பணியும் உண்டு. ரேஷன் அட்டைக்கு எங்கே அலைய வேண்டும், குடிக்கும் கணவனை எந்த நேரத்தில் பேசிப் பிடிக்கலாம், ஊரில் யார் சொன்னால் எடுபடும் என்பதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான்.

ஆனால் பாடத்திட்டம் வகுக்கும் கூட்டத்தில் தெருக்காரர்கள் இல்லை. மாணவர் சேர்க்கையில் இல்லை. களப்பணிக்கு மதிப்பெண் போடும் மேசையிலும் இல்லை. இந்தக் குறையைச் சில நாடுகள் விதி போட்டுச் சரிசெய்யப் பார்த்திருக்கின்றன. அது எப்படி நடக்கிறது, இங்கே நடக்குமா என்று பார்ப்போம்.

களப்பணி எங்கிருந்து வந்தது?

1884-இல் கிழக்கு லண்டனின் ஏழ்மையான பகுதியில் டாயின்பீ ஹால் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அங்கேயே தங்கி, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அதைப் பார்த்து உந்துதல் பெற்ற ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். பின்னாளில், 1931-இல், ஆடம்ஸுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே வழி இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்க மிஷனரியான கிளிஃபோர்ட் மான்ஷார்ட், ஆலைத் தொழிலாளர்களும் ஏழைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பம்பாய் நாக்பாடாவில் ஓர் அக்கம்பக்க இல்லத்தை நடத்தினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1936-இல் தொடங்கிய சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி. இன்று அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் உருவானது.

ஆக, இந்தப் படிப்பின் வேர் தெருவில் இருக்கிறது. முதலில் அக்கம்பக்கத்தில் போய் இருந்தார்கள், பிறகு பள்ளி கட்டினார்கள். பல்கலைக்கழகம், பருவத் தேர்வு, பட்டம் என்று வளர வளர வரிசை மாறிவிட்டது. பாடத்திட்டம் முதலில் வருகிறது. தெரு அதைச் செய்துபார்க்கும் இடமாகிவிட்டது.

களத்தில் என்ன நடக்கிறது?

மாணவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு வேலையைப் பார்த்தால் போதும். மக்கள் பங்கேற்பு மதிப்பீடு என்று அதற்குப் பெயர். ஊர்ப் பொதுவிடத்தில் கோலமாவால் தெருக்களைப் போடுவார்கள். வீட்டுக்குப் புளியங்கொட்டை, அடிபம்புக்குக் கல், மரத்துக்கு வேப்பங்கொத்து. மாணவி ஓடையை நேர்க்கோடாக இழுப்பார். பக்கத்தில் நிற்கும் பாட்டி, “அது இங்கன வளையுதும்மா” என்று காலாலேயே அழித்துவிட்டுத் திருத்துவார். விதவைகள் இருக்கும் வீடு, பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிள்ளை இருக்கும் வீடு என ஊர்க்காரர்களே கொட்டைகளை நகர்த்தத் தொடங்கும்போதுதான் வரைபடம் உண்மையான ஊராகிறது. குச்சியை மக்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்க வேண்டும் என்று இந்த முறையைப் பரப்பிய ராபர்ட் சேம்பர்ஸ் வலியுறுத்தியது இதைத்தான்.

அதற்குப் பிறகு என்ன? மாணவர்கள் அதைச் சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் படியெடுப்பார்கள். சார்ட் கல்லூரிக்குப் போகும், களப்பணி ரெக்கார்டில் ஒட்டப்படும், துறைத் தலைவர் கையெழுத்தாகும். பல ஊர்களில் ஒரு நகல்கூடத் தங்குவதில்லை. அடுத்த ஆண்டு அடுத்த அணி வந்து அதே கேள்விகளைக் கேட்கும்போது, “போன வருஷமும் எழுதிக்கிட்டுப் போனாங்களே, என்ன ஆச்சு?” என்று பெண்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பங்கேற்பை எப்படி அளப்பது?

இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் வெளியிட்ட கட்டுரையில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்தார். அடியில் இருக்கும் இரண்டு படிகளில் மக்களை வளைத்துப்போடுவதும் அவர்களைத் திருத்தப் பார்ப்பதும்தான் நடக்கும். அது பங்கேற்பே இல்லை. தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஓரிரு இடம் கொடுத்துச் சமாதானப்படுத்துவது ஆகிய மூன்றும் ஒப்புக்கு நடப்பவை. கூட்டாக முடிவெடுப்பது, அதிகாரத்தை ஒப்படைப்பது, மக்களே நடத்துவது ஆகிய மேல் மூன்று படிகளில்தான் அதிகாரம் கை மாறுகிறது.

இந்த ஏணியை நம் கல்லூரி வாசலில் சாத்திப் பார்க்கலாம். சர்வே எடுப்பது கருத்துக் கேட்கும் படி. முகாம் நிறைவு விழாவில் ஊர்ப் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்துவது சமாதானப்படுத்தும் படி. ஆறாம் படிக்கு ஏற வேண்டுமானால் ஒரு முடிவாவது ஊர்க்காரர் கைக்கு வர வேண்டும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

இங்கிலாந்தில் 2003-இல் சமூகப்பணி பட்டப்படிப்பாக உயர்ந்தபோது, சமூக சேவைகளைப் பெறுபவர்களையும் வீட்டில் நோயாளிகளைப் பராமரிப்பவர்களையும் படிப்பில் ஈடுபடுத்த வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. மாணவர் சேர்க்கை நேர்காணலில் மனநோயிலிருந்து மீண்டவரோ, காப்பகத்தில் வளர்ந்தவரோ அமர்ந்து கேள்வி கேட்கிறார். பாடம் எடுக்கிறார். மாணவர் களத்துக்குப் போகத் தயாரா என்ற மதிப்பீட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. அங்கே சிக்கலும் வந்தது. பல்கலைக்கழகம் தரும் சன்மானத்தை வாங்கினால் அரசு உதவித்தொகை குறைந்துவிடுமோ என்று பலர் தயங்கினார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு சிலரே எல்லா இடத்துக்கும் அழைக்கப்பட்டார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 2005-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. வீடின்றித் தெருவில் வாழ்ந்தவர்கள், போதைப் பழக்கத்தில் சிக்கி மீண்டவர்கள் போன்றோரைச் சமூகப்பணி மாணவர்களுடன் ஒரே வகுப்பில் மாணவர்களாகவே சேர்த்தது. விருந்தினராக வந்து தன் சோகக் கதையைச் சொல்லிவிட்டுப் போகும் வேலை அங்கே இல்லை. இரு தரப்பும் சேர்ந்து ஒரு திட்டத்தை வகுக்கிறார்கள், இரு தரப்புக்கும் கிரெடிட் உண்டு.

‘ஊர்’ என்றால் யார்?

இதையெல்லாம் அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊரும் காலனியும் வேறு வேறு. வரைபடத்தைக் கோயில் திடலில் போட்டால் காலனிப் பெண்கள் வந்து கொட்டையை நகர்த்துவது கடினம். மதிப்பீட்டுக்கு ஊர்ப் பிரதிநிதியைக் கூப்பிடுங்கள் என்று கல்லூரி கடிதம் போட்டால் முதலில் வந்து உட்காருபவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவர் காலனிப் பிள்ளைகளுக்காகத் தலைவரிடம் வாதாடியிருந்தால், அந்த மதிப்பெண் எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எனவே மக்களிடம் கேளுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யாருக்காக மாணவர் வேலை செய்தாரோ, அவர்களிடம், அவர்கள் இடத்தில், அவர்கள் பேச முடிகிற நேரத்தில் கேட்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது இரவு ஏழு மணியாக இருக்கலாம். அவரது ஒரு நாள் பொழுதை எடுத்துக்கொண்டால் ஒரு நாள் கூலியும் தர வேண்டும். விருந்தினர் பேராசிரியருக்குக் கவர் தருகிற துறைக்கு இது பெரிய செலவில்லை.

இங்கே எது சாத்தியம்?

படிக்காத மக்கள் எப்படி மதிப்பிடுவார்கள் என்ற கேள்வி எழும். அதற்கு நாட்டுச் சட்டமே ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து கிராம சபைக்கு அரசியலமைப்பு அங்கீகாரம் தந்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், 17-ஆம் பிரிவில், வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடம் கொடுத்தது. வேலை அட்டை வைத்திருந்த குடும்பத்துப் பெண்களே வருகைப் பதிவேட்டைப் படித்து, வெட்டிய குளத்தை டேப் பிடித்து அளந்தார்கள். அரசுக் கணக்கையே தணிக்கை செய்யலாம் என்றால், ஒரு மாணவரின் களப்பணியைப் பற்றி அவர்கள் சொல்வதற்கும் எடை உண்டு.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. களப்பணி அட்டவணையை இந்தத் தேதிகளோடு இணைப்பது முதல் வேலை. எடுத்த சர்வேயின் முடிவை மாணவர்கள் அங்கே தமிழில் வாசிக்க வேண்டும். வரைபடத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்திலும் காலனி அங்கன்வாடியிலும் ஒட்ட வேண்டும். இரண்டாவது, களப்பணி மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, சிறிதாக இருந்தாலும், மக்களுக்கு ஒதுக்க வேண்டும். சொன்ன நாளில் வந்தாரா, சொன்னதைக் கேட்டாரா, சேகரித்ததைத் திருப்பித் தந்தாரா என மூன்று கேள்வி போதும். மூன்றாவது, பாடத்திட்டக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் சங்கம், தூய்மைப் பணியாளர் சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு போன்றவற்றிலிருந்து குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் குரல் அமுங்கிவிடும்.

முதல் வேலையை ஒரு துறை அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம். மற்ற இரண்டுக்கும் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் தேவைப்படும் என்பதால் காலம் பிடிக்கும். அதற்குள் செய்யக்கூடிய சின்னச் சோதனை ஒன்று உண்டு. களப்பணி ரெக்கார்டில் மேற்பார்வையாளர் கையெழுத்துக்குக் கீழே ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, அதை நிரப்பும் வேலையை மாணவர் போய்வந்த தெருவிடமே கொடுத்துப் பார்க்கலாம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல அவர் வீட்டுப் பிள்ளை எழுதட்டும். அதில் வருவது பாராட்டாக இருந்தாலும் புகாராக இருந்தாலும், துறைக் கூட்டத்தில் அதை முதலில் படிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.