ஆடாத மூடிக்கு மூன்று கல்

ராயப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தெருவில் போன மாதம்தான் பாதாளச் சாக்கடைக்குப் புது இரும்பு மூடி போட்டார்கள். ராத்திரியில் எந்த வண்டி ஏறினாலும் ‘டடக்’ என்கிறது. புது இரும்பு அதற்குள் கெட்டுப்போகுமா?”

இரும்பு கெடவில்லை, உட்கார்ந்த விதம்தான் சரியில்லை. மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது எப்படி உட்காருகிறது என்பது அதைவிட அழகான கணக்கு.

மூன்று கல் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் பானை ஆடாது. எந்த மூன்று புள்ளிகளின் மீதும் ஒரு தளம் சரியாகப் படியும்; நான்காவது வந்தால்தான் தகராறு. டீக்கடை ஸ்டூலின் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகுவது அந்த நான்காவதைச் சமாளிக்கத்தான். குழியின் வாயில் பதித்திருக்கும் இரும்புச் சட்டத்தின் மீது உட்காரும் மூடியும் சுற்றிலும் பொருந்தியிருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். கடைசல் பிடித்துச் சமப்படுத்தாத வார்ப்பிரும்பாக இருந்தால் உண்மையில் அது நிற்பது மூன்றே இடங்களில். அவற்றை இணைத்தால் ஒரு முக்கோணம். பஸ் சக்கரம் அதற்குள் ஏறினால் சத்தமே வராது. வெளியே, விளிம்போரம் ஏறினால், அடுப்பில் இருக்கும் பானையின் வாயோரத்தைக் கையால் அழுத்தியதுபோல மூடி அந்தப் பக்கம் சாயும், எதிர்ப்பக்கம் எழும்பும். சக்கரம் நகர்ந்ததும் விழும். ‘ட’ என்பது சாய்ந்தது, ‘டக்’ என்பது விழுந்தது.

நான்கு டயர் கொண்ட பின் அச்சு ஒன்றில் 11.5 டன் வரை ஏற்றலாம் என்பது 2018 முதல் இந்திய விதி. அதில் பாதி, ஒரு பக்கத்துச் சக்கரங்கள் வழியாக மூடியின் ஓரத்தில் இறங்குகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரும்பை இரும்பு தேய்க்கும். தேய்ந்தால் இடைவெளி கூடும், அடுத்த அடி இன்னும் பலமாக விழும். சத்தம் தானாக அடங்காது, வளரும்.

பானைக்கு நல்லதாக இருக்கும் இந்த மூன்று கல், சட்டத்துக்கு எமன். மட்டம் பார்க்கும் அவசரத்தில் சட்டத்துக்கு அடியில் கல் சில்லுகளைச் செருகி, சுற்றிலும் கலவையைப் பூசிவிட்டால், சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே சட்டம் அந்தரத்தில் நிற்கும். அடிக்கு அடி கலவை நொறுங்கும். மழைநீர் புகுந்து பொடியைக் கழுவிக்கொண்டு போகும், சட்டம் இறங்கும், சுற்றியுள்ள தார் வெடிக்கும். சட்டத்துக்கு வேண்டியது அடுப்பு அல்ல, இட்லித் தட்டு. முழு வட்டமும் கான்கிரீட்டில் படிந்திருக்க வேண்டும். கான்கிரீட்டோ முழு பலம் பெற 28 நாள் கேட்கிறது. மறுநாள் காலையே வண்டி விட்டால் எந்தத் தரமான மூடியும் தோற்கும்.

“40 டன் தாங்கும்” என்ற விளம்பரத்தை இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் வார்ப்பிரும்பு மூடிகளுக்கு 2.5, 10, 20, 35 டன் என நான்கு வகை உண்டு. அந்த எடையை, ஆய்வகத்தில் மூடியின் நடுவே மெதுவாக ஏற்றிச் சோதிப்பார்கள். அது மூடி உடையாது என்பதற்குச் சான்று. ஆடாது என்பதற்கு அல்ல. சென்சார் வைத்த ‘ஸ்மார்ட்’ மூடியும் ஆடுகிற சட்டத்தில் ஆடத்தான் செய்யும்.

    

பிரிட்டனில் மூடி ஆடாமல் இருக்க ஒரு தீர்வு கண்டார்கள். மூடியை இரண்டு முக்கோணங்களாகச் செய்து, ஒவ்வொன்றையும் மூன்று மூலைகளில் உட்காரவைத்தார்கள். சக்கரம் எங்கே ஏறினாலும் முக்கோணத்துக்குள்தான்! இந்த எளிமையை எண்ணி எண்ணி மகிழ்கிறேன். வட்ட மூடிக்கு விளிம்பைக் கடைந்து சமப்படுத்துவதும் ரப்பர் வளையம் வைப்பதும் அதே வேலையைச் செய்யும்.

ராயப்பேட்டை அரசு மருத்துவமனை அருகே மெட்ரோவின் சுரங்க நிலையம் உருவாகிறது. பணி முடிந்து சாலைகளைத் திரும்பப் போடும்போது பல சட்டங்கள் புதிதாக உட்காரும். உங்கள் தெருவில் ‘டடக்’ கேட்டால் மூடி உடையும்வரை காத்திருக்காதீர்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணை அழைத்து, “மூடி ஆடுகிறது, சட்டத்தின் அடியைப் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.