ஊர் கூடிக் கற்ற பாடம்

ஆணுக்கு உரியவை இவை, பெண்ணுக்கு உரியவை இவை என்று சமுதாயம் வகுத்துள்ள வழக்கங்களுள் பல, எந்தச் சட்ட நூலிலும் எழுதப்படாதவை. ஆயினும், அவை சட்டத்தைவிட உறுதியாக நின்று மக்களை ஆள்கின்றன. பெண் தனியே வெளியூர் செல்லலாகாது, ஊர்க்கூட்டத்தில் பேசலாகாது, கணவன் குடித்துவிட்டு அடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பன போன்ற கற்பிதங்கள் பெண்ணின் கல்வியையும் உடல்நலத்தையும் வருவாயையும் பறிக்கின்றன. குடும்பச் சுமையை ஆண் ஒருவனே சுமக்க வேண்டும், அவன் கண்கலங்கக் கூடாது என்னும் கற்பிதம் ஆண்களையும் வருத்துகிறது. இவற்றை மாற்றுவதற்கு மக்கள் கண்ட வழிகளுள் ஒன்று, ஊரார் ஒன்றாக அமர்ந்து பேசிக் கற்கும் பங்கேற்புக் கற்றல் ஆகும்.

வழக்கம் நிலைபெறும் விதம்

தீய வழக்கம் ஒன்றைப் பின்பற்றுவோர் அனைவரும் அதனை விரும்பிப் பின்பற்றுகின்றனர் என்று கொள்வதற்கில்லை. ‘ஊரார் என்ன சொல்வார்களோ’ என்ற அச்சமே பலரைக் கட்டுப்படுத்துகிறது. தம்மைப் போலவே அடுத்த வீட்டாரும் மனத்துக்குள் அவ்வழக்கத்தை வெறுக்கக்கூடும் என்பதை அவர்கள் அறிவதில்லை. ஒருவர் தனித்து மீறினால் ஏளனத்துக்கு ஆளாவார்; பலர் சேர்ந்து மீறினால் ஏளனம் வலுவிழக்கும். ஆகவே, தனி மனிதருக்குக் கூறப்படும் அறிவுரை இங்குப் பெரும்பயன் தருவதில்லை. பலரும் கூடிப் பேசி, பிறர் மனத்தில் இருப்பதை ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளும் இடம் தேவைப்படுகிறது.

ஃபிரேயரின் கல்விமுறை

இத்தகைய கற்றலுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயர். இவர் 1963ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள அங்கிகோஸ் என்னும் ஊரில், ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்குச் சுமார் 40 மணிநேரத்தில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் திட்டத்தை நடத்தினார். பாடம் நெடுங்கணக்கில் தொடங்கவில்லை. கற்போரின் அன்றாட வாழ்விலிருந்து எடுத்த சொற்களில் தொடங்கியது. ‘செங்கல்’ என்னும் சொல்லைக் கற்கும்போதே, அதனைச் சுமப்பவர் யார், அதனால் எழும் வீட்டில் வாழ்பவர் யார் என்னும் வினாக்களும் எழுந்தன. மாணவரை வெறும் பாத்திரமாகக் கருதி, ஆசிரியர் செய்திகளை அதில் இட்டு நிரப்பும் முறையை அவர் ‘வங்கிமுறைக் கல்வி’ என்று கண்டித்தார். 1964ஆம் ஆண்டு பிரேசிலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அவர் சிறைப்பட்டுப் பின்னர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மக்கள் வினா எழுப்பக் கற்பதை அதிகாரம் எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

புதுக்கோட்டையின் மிதிவண்டிகள்

தமிழ்நாட்டில் இத்தகைய கற்றலின் ஆற்றலைக் காட்டியது அறிவொளி இயக்கம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊதியம் பெறாத தொண்டர்கள் பலர், வேலை முடிந்து திரும்பிய மக்களுக்கு மாலை வேளைகளில் எழுத்தறிவித்தனர். பாட்டும் நாடகமும் கொண்ட கலைக்குழுக்கள் ஊர்தோறும் சென்றன. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இவ்வியக்கத்துக்கு ஊக்கமளித்தார். கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன.

பெண் தொண்டர்கள் ஊர்விட்டு ஊர் செல்லவேண்டியிருந்தது. பேருந்து வசதியோ குறைவு. எனவே, மிதிவண்டி ஓட்டப் பழகுவதும் எழுத்தறிவுப் பணியின் ஒரு கூறாயிற்று. பெண் மிதிவண்டி ஓட்டுவதை ஊர் ஏளனத்தோடு நோக்கிய காலம் அது. தொடக்கத்தில் இழிசொற்களும் எழுந்தன. ஆயினும், கற்றவர் பிறருக்குக் கற்பித்தனர். வயல் வேலை செய்வோர், குவாரித் தொழிலாளர், கிராமச் செவிலியர் எனப் பலரும் பழகினர். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களின் வண்டிகளையே ஓட்டினர். 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகருக்குள் அணிவகுத்து வந்தனர். ஒரு பெண் ஓட்டினால் வேடிக்கை. ஆயிரம் பெண்கள் ஓட்டினால் அது வழக்கம்.

இம்மாற்றம் அன்றாட வாழ்விலும் பயன் தந்தது. விளைபொருளை விற்கச் செல்லும் பெண் பேருந்துக்காகவும், தந்தை, உடன்பிறந்தார், கணவர் ஆகியோரின் துணைக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. தண்ணீர் கொணர்தலும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதலும் எளிதாயின. மிச்சமான நேரம் அவளுடையதாயிற்று.

நெல்லூரில் எழுந்த வினா

இதே காலத்தில் ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்திலும் எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. கணவனின் குடியால் ஒரு பெண்ணும் அவள் குடும்பமும் படும் துயரத்தைக் கூறும் கதை அங்குப் பாடமாக இடம்பெற்றது. தூபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் அக்கதையில் தம் வாழ்வையே கண்டனர். வீட்டுக்குள் மறைக்கப்பட்ட துயரம், ஊரின் பொதுச் சிக்கலாக உருமாறியது. அவர்கள் ஒன்றுதிரண்டு தம் ஊரில் சாராய விற்பனையைத் தடுத்தனர். 1992ஆம் ஆண்டில் அப்போராட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது. சாராயக்கடை ஏலங்கள் தடைப்பட்டன. 1993இல் அம்மாநில அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. எனினும், 1997இல் அம்மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. சட்டம் மாறினாலும், அடி உதையைப் பொறுத்துக்கொள்வதே மனைவியின் கடமை என்னும் எண்ணத்தை அப்பெண்கள் கேள்விக்கு உட்படுத்தியது வரலாற்றில் நிலைத்துவிட்டது.

கற்றல் பயன்தர வேண்டுமாயின்

இவ்விரு நிகழ்வுகளும் சில உண்மைகளை உணர்த்துகின்றன. முதலாவது, கற்போர் தம் வாழ்விலிருந்தே பாடத்தைத் தொடங்குதல் வேண்டும். இரண்டாவது, கற்பிப்போர் கட்டளையிடாமல் வினாக்களை எழுப்புதல் வேண்டும். மூன்றாவது, பேச்சு செயலாக மாற வேண்டும். அச்செயல் ஊரார் காணும்படி பலரால் நிகழ்த்தப்படவும் வேண்டும். நான்காவது, ஆண்களும் இவ்வுரையாடலில் இடம்பெற வேண்டும். அவர்கள் விலகி நின்றால், மாற்றத்தின் சுமையும் அதனால் வரும் பகையும் பெண்கள்மீதே விழும். வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் ஆணை ஊர் எள்ளி நகையாடும்வரை, பெண் பெற்ற விடுதலை பாதியிலேயே நிற்கும்.

குழு கூடுவதனால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. கூடிய இடத்திலும் சாதியாலும் செல்வத்தாலும் வயதாலும் மேலோங்கியவர் குரலே ஒலிக்கக்கூடும். பேசத் தயங்கும் இளம்பெண்ணுக்கும் பேச வாய்ப்பளித்து, அவள் சொல்வதற்குச் செவிசாய்க்கும்போதுதான் அது உண்மையான கற்றல் ஆகிறது. வழக்கங்கள் மனிதர் வகுத்தவையே. ஆதலின், அவற்றை ஆராய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளும் உரிமையும் மனிதர்க்கு உண்டு. அவ்வுரிமையை ஊர் கூடிப் பயன்படுத்தும்போது, தனி ஒருவரால் இயலாத மாற்றம் கைகூடுகிறது.