புதுப்பித்த டிராக்டர் என்ஜினில் நீலப் புகை

திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் நவரை அறுவடை முடிந்து சொர்ணவாரி உழவு தொடங்குவதற்குள் பழைய டிராக்டரின் என்ஜினைப் பிரித்து வேலை பார்த்துக் கொள்வது வசதியானது. அப்படி லைனர், பிஸ்டன், ரிங்குகளை மாற்றிப் பூட்டிய பிறகும் புகைக் குழாயில் நீலப் புகை வந்தால் விவசாயி கலங்குவது இயல்பே. பணம் செலவாகிவிட்டது, சேற்றுழவு நெருங்கிவிட்டது. ஆனாலும் 'மறுபடி பிரிக்க வேண்டும்' என்று மெக்கானிக் சொன்னதும் சம்மதித்துவிட வேண்டாம்.

நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் புகுந்து எரிகிறது என்று பொருள். காற்று போதாமலோ டீசல் மிகுந்தோ வருவது கரும்புகை. எரியாத டீசலாலும், உள்ளே தண்ணீர் கசிவதாலும் வருவது வெண்புகை. இவற்றுக்கு வைத்தியம் வேறு.

முதலில் டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவுகோலைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதிகப்படியை வடித்துவிட வேண்டும். அடுத்து ஏர் கிளீனர். மாஸி பெர்குசன் 1035 போன்ற பழைய டிராக்டர்களில் காற்று வடிகட்டியின் அடியில் ஆயில் ஊற்றும் கிண்ணம் உண்டு. அதில் குறியிட்ட அளவுக்கு மேல் ஊற்றினால், என்ஜின் காற்றோடு அந்த ஆயிலையும் உறிஞ்சிக் கொள்ளும். ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய கோளாறு இது. என்ஜினின் மூச்சுக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்கவும்.

ஆயில் மிகுதியாக உள்ளே போனால் வேறோர் ஆபத்தும் உண்டு. டீசலை நிறுத்திய பிறகும் அந்த ஆயிலையே எரித்து என்ஜின் தறிகெட்டு ஓடக்கூடும். அப்போது காற்று புகும் வாயைப் பலகையால் இறுக மூடினால் நின்றுவிடும். கையால் மூடக் கூடாது.

இவை சரியாக இருந்தால், புகை எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற டிராக்டரைக் காலையில் கிளப்பியதும் நீலமாகக் கக்கி, சற்று நேரத்தில் தெளிந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். வெகுநேரம் சும்மா ஓடவிட்டுப் பிறகு முடுக்கும்போது கக்கினாலும் அப்படியே. இதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். பிஸ்டனைத் தொட வேண்டியதில்லை. சுமை ஏற ஏறப் புகையும் ஏறி, மூச்சுக் குழாயிலும் புகை தள்ளினால் ரிங்கு, லைனர் பக்கம் சந்தேகப்படலாம்.

அப்போதும் பொறுங்கள். புது ரிங்கு லைனரோடு உராய்ந்து படிய வேண்டும். அதை லைனர் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தமே. சுமை இல்லாவிட்டால் அந்த அழுத்தமும் இல்லை. புது வேலை செய்த என்ஜினை நோகாமல் வைத்துக் கொள்வதாக எண்ணி, மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுகிறவர்களும், வெறும் டிரெய்லரை மட்டுமே இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் லைனர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்து, ரிங்கு படியாமலே போய்விடுகிறது. என் அனுபவத்தில் வேலையின் குறையைவிட இந்தச் செல்லம் கொடுப்பதே அதிகக் கெடுதல் செய்கிறது.

கல்டிவேட்டரைப் பூட்டிப் புழுதி உழவு ஓட்டுங்கள். வேகத்தை ஒரே நிலையில் வைக்காமல் கூட்டிக் குறைக்கலாம். எடுத்த எடுப்பில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்குவது மட்டும் வேண்டாம். ஓடிய மணி நேரத்தையும், ஊற்றிய ஆயிலையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 50 மணி நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடவும். நாளுக்கு நாள் ஆயில் செலவு குறைந்தால் ரிங்கு படிகிறது என்று கொள்ளலாம். 50 மணி நேரமாகியும் குறையாவிட்டால்தான் பிரிக்க வேண்டும்.

பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள். ரிங்கில் 'டாப்' என்று பொறித்த முகம் மேற்பக்கம் இருக்கிறதா, ரிங்குகளின் வாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாய்கள் சுற்றிலும் விலகி விலகி இருக்க வேண்டும். லைனர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். முகம் தெரியும்படி பளபளத்தால், ஹோனிங் செய்து கோடு போட்ட பிறகே புது ரிங்கு மாட்டச் சொல்லுங்கள்.