உராய்வும் பப்ஜியும்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கம் வந்தால், ஆயிரம்வாலா பெட்டிகளுக்கும் ஃபேன்ஸி ரகங்களுக்கும் நடுவே கொக்கியில் ஒன்று தொங்கும்: பிள்ளைகளுக்கான கேப் துப்பாக்கி. முன்பு தகரம், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். அதற்குப் போடும் பொட்டு கேப், சுருள் கேப், ரிங் கேப் எல்லாம் இந்தச் சிவகாசி வட்டாரத்துச் சரக்குதான். காகிதத்தில் பொட்டு வைத்தது போல் துளி மருந்து. குதிரை விழுந்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்த்துக் கலக்கக் கூடாது என்று தடுக்கும் வெடிபொருள் விதிகள்கூட, தீக்குச்சி மருந்துக்கும் பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்கும் விலக்கு அளித்திருக்கின்றன. விளையாட்டுச் சாமான் என்று சட்டமே ஒப்புக்கொண்ட பொருள் அது.

அந்தத் துப்பாக்கியால் தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டிருக்கிறார்கள். “நீ செத்துட்ட, கீழ விழுடா” என்று தெருவெல்லாம் சத்தம் கேட்கும். இதனால் பிள்ளை கொலைகாரனாகிவிடுவான் என்று எந்த அம்மாவும் பயந்ததாகத் தெரியவில்லை. தென்மாவட்டங்களில் பகைக்கும் பழிக்குப் பழிக்கும் என்றுமே குறைவிருந்ததில்லை. ஆனால் ஆத்திரம் தலைக்கேறியபோது கை போனது அரிவாளுக்கு. வீட்டில் இருந்தது அதுதான்.

பொம்மைத் துப்பாக்கி கைப்பேசிக்குள் போனதும் கதை மாறியது. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்ற பெயர்கள் வகுப்பறைக்கும் டீக்கடைக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. கூடவே பயமும் வந்தது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் காவல் ஆணையர் பப்ஜிக்குத் தடை போட்டார். பிள்ளைகளிடம் வன்முறைக் குணம் வளர்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். சில நாட்களிலேயே அதை விளையாடியதற்காக மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். இந்தியா முழுவதும் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி. ஆனால் அதற்கும் வன்முறைக்கும் சம்பந்தமில்லை. லடாக் எல்லைப் பதற்றத்தையொட்டி, நாட்டின் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு என்று சொல்லி 118 செயலிகளை ஒரே உத்தரவில் முடக்கியபோது அதுவும் போனது. பெயர் மாற்றி, பிஜிஎம்ஐ என்று அடுத்த ஆண்டே திரும்பி வந்தது.

இந்த விவாதத்தில் இந்தியாவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது லக்னோ சம்பவம். 2022 ஜூனில் அங்கே 16 வயதுச் சிறுவன் தன் தாயைச் சுட்டுக் கொன்றான். ராணுவத்தில் இருந்த தந்தை அப்போது வெளி மாநிலத்தில் பணியில் இருந்தார். “பப்ஜி விளையாட விடாததால்” என்று போலீஸார் முதலில் சொன்னது மறுநாளே நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. வீட்டுக்குள் இருந்த பிணக்குகள் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. அவன் சுட்டது தந்தையின் உரிமம் பெற்ற பிஸ்டலால். பல செய்திகளில் இந்தத் தகவல் ஓரமாக, ஒரு துணைக்குறிப்பு போல நின்றுவிட்டது. துப்பாக்கி ஏன் சிறுவனின் கைக்கு எட்டியது என்ற கேள்வி தலைப்பாகவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு பீதி நடந்திருக்கிறது. 2017-இல் மதுரை அருகே ஒரு கல்லூரி மாணவர் தற்கொலை செய்துகொண்டபோது ‘நீலத் திமிங்கலம்’ என்ற இணைய விளையாட்டே காரணம் என்று பேசப்பட்டது. விருதுநகர் மாவட்டத்துக்கும் சேர்த்து வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. பள்ளிக்குப் பள்ளி எச்சரிக்கைச் சுற்றறிக்கைகள் பறந்தன. சில மாதங்கள் கழித்து, 2018 ஜனவரியில், நாடாளுமன்றத்தில் மத்திய அரசு பதில் சொன்னது: விசாரிக்கப்பட்ட மரணங்கள் எதிலும் அந்த விளையாட்டுக்குப் பங்கு இருந்ததை நிறுவ முடியவில்லை. பீதி பரவிய வேகத்தில் இந்தப் பதில் பரவவில்லை.

விளையாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கத்துக்குத் தாய்வீடு அமெரிக்கா. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றபோது, அவர்கள் விளையாடிய ‘டூம்’ என்ற வீடியோ விளையாட்டின் மீது பழி விழுந்தது. அவர்களிடம் இருந்த துப்பாக்கிகளில் மூன்றை, 18 வயதுத் தோழி ஒருவர் துப்பாக்கிச் சந்தையில் சுலபமாக வாங்கிக் கொடுத்திருந்தார். 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட சில நாட்களில், துப்பாக்கி ஆதரவாளர்களின் பெரிய சங்கமான தேசிய ரைஃபிள் சங்கம் செய்தியாளர்களைக் கூட்டி வீடியோ விளையாட்டுகளைச் சாடியது. துப்பாக்கிக்காக வாதாடும் சங்கத்துக்கு வேறு யாரைச் சாட முடியும்? 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகர வால்மார்ட் கடையில் படுகொலை நடந்த பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. வன்முறை விளையாட்டுகளின் விளம்பரங்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிடச் சொன்னது வால்மார்ட் நிர்வாகம். துப்பாக்கி விற்பனை பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? ‘விளையாட்டுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு உண்டு’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஆண்டர்சன் அவர்களில் முக்கியமானவர். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவர்கள் அளந்தது எதை என்று பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சிறிது நேரம் சுடும் விளையாட்டை ஆடவிடுவார்கள். பிறகு, காரம் பிடிக்காத ஒருவருக்கு மிளகாய் சாஸ் எவ்வளவு ஊற்றுகிறார், எதிராளியின் காதில் இரைச்சலை எவ்வளவு சத்தமாக ஒலிக்கவிடுகிறார் என்று அளப்பார்கள். கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் முரட்டுத்தனம் கூடியது என்று கணக்கு. நம் ஊர் மாமியார்களை அந்தக் கூடத்தில் உட்கார வைத்தால் முடிவு என்னவாகுமோ! மிளகாய் சாஸிலிருந்து கொலை வரை உள்ள தூரத்தை இந்த அளவுகள் கடப்பதில்லை.

அமெரிக்க உளவியல் சங்கமே இதை ஒப்புக்கொண்டது. வன்முறை விளையாட்டுகள் முரட்டுத்தனத்தைக் கூட்டுகின்றன என்று 2015-இல் சொன்ன அந்தச் சங்கம், 2020 தீர்மானத்தில், கத்தல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு, ஆனால் உயிர் பறிக்கும் வன்முறைக்கு விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று தெளிவுபடுத்தியது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், சிறுவர்களுக்கு இவ்விளையாட்டுகளை விற்கத் தடை விதித்த கலிபோர்னியச் சட்டத்தை ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ரத்து செய்தது. அந்நாட்டு ‘சீக்ரெட் சர்வீஸ்’ அமைப்பு, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் தாக்குதல் நடத்தியவர்களைப் பற்றி ஆராய்ந்ததில், வன்முறை விளையாட்டில் நாட்டம் காட்டியவர்கள் எட்டில் ஒருவர்தான். தாங்களே எழுதிய கதை, கவிதைகளில் வன்முறையைக் கொட்டியவர்கள் அதைப் போல் மூன்று மடங்கு. அதற்காக நோட்டுப் புத்தகத்தை யாரும் தடை செய்யச் சொல்லவில்லை.

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளைப் படித்துப் படித்துச் சலித்த விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பழிபோடும் முறை நன்றாகவே தெரியும். “மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது.” ஒவ்வொரு விபத்துக்கும் இதே வரி. அது பொய்யல்ல, உராய்ந்திருக்கத்தான் செய்யும். ஆனால் விதி அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள் அந்த அறையில் ஏன் இருந்தார்கள்? கலந்த மருந்தை ஏன் அங்கேயே குவித்து வைத்தார்கள்? மரத்தடியில் ஏன் வேலை நடந்தது? நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் துறையிடம் வாங்கிய உரிமம் ஒருவர் பேரில் இருக்க, ஆலையை ஓட்டியது யார்? 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தபோதும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் இந்தக் கேள்விகள்தான் பின்னால் நின்றன. அச்சங்குளத்து ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு வெளிவந்தது. உராய்வு எல்லா அறைகளிலும் தினமும் நடக்கிறது. மருந்து குவிந்திருக்கும் அறையில்தான் அது உயிரைக் குடிக்கிறது. உராய்வின் மேல் பழியைப் போட்டுவிட்டால், செத்துப்போன தொழிலாளியின் கையோடு விசாரணை முடிந்துவிடும்.

பப்ஜியைச் சொல்வதும் அப்படித்தான். பதினாறு வயதுப் பையனின் கோபம் டோக்கியோவிலும் உண்டு, திருத்தங்கலிலும் உண்டு. வீடியோ விளையாட்டில் ஊறிய நாடு ஜப்பான். அங்கே ஓராண்டில் துப்பாக்கியால் இறப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற ஆண்டுகள் உண்டு. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஜெனீவாவின் சிற்றாயுத ஆய்வகம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் 100 பேருக்கு அமெரிக்காவில் 120, இந்தியாவில் சுமார் 5, ஜப்பானில் ஒன்றுகூட இல்லை. இந்தியாவின் அந்தக் கணக்கிலும் பெரும்பகுதி உரிமம் இல்லாதவை என்பது தனிக் கவலை.

இதற்காகக் கைப்பேசி விளையாட்டுகள் அனைத்துக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. விளையாட்டில் கட்டுப்பாடிழந்து கிடப்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பணம் வைத்து ஆடும் ரம்மி குடும்பங்களைக் கெடுத்ததை நாம் கண்ணால் பார்த்தோம். நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பண விளையாட்டுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை, 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு அனுமதியில்லை என்ற விதிகளை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இவையெல்லாம் கடன், தூக்கம், அடிமைத்தனம் பற்றியவை. கொலைக் கணக்கை இதோடு போட்டுக் குழப்பினால் இரண்டுக்குமே தீர்வு கிடைக்காது.

அமெரிக்காவில் ஒரு வழக்கு வேறு பாதையில் போயிருக்கிறது. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநில ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றான். மகனுக்குத் துப்பாக்கி வாங்கித் தந்து, அதைப் பூட்டி வைக்காமல் விட்டதற்காக அவனுடைய பெற்றோர் இருவரும் 2024-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, தலா 10 முதல் 15 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். பள்ளிப் படுகொலைக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதல் முறை.

இங்கேயும் துப்பாக்கி உரிமம் வாங்குகிறவர் அதைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. ஆகவே காவல் துறையினருக்கும் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சிறுவன் கையில் துப்பாக்கி வெடித்த செய்தியில், அவன் என்ன விளையாடினான் என்று சொல்லுமுன், துப்பாக்கி யாருடையது, எங்கே இருந்தது, பூட்டியிருந்ததா என்ற மூன்றையும் சொல்லுங்கள்.