டிரம்ப் போட்ட வரி, சனிக்கிழமை சம்பளத்துல விழுந்த கதை

இந்த வார வீடியோவுல அமெரிக்க வரி பத்திப் பேசினோம். "அது எக்ஸ்போர்ட் முதலாளிங்க பிரச்சினை, நமக்கென்ன?"னு தோணுதா? வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2025 ஆகஸ்ட் 7-ல இந்தியப் பொருட்களுக்கு 25% கூடுதல் வரி. ரஷ்யாகிட்ட கச்சா எண்ணெய் வாங்குறோம்னு ஆகஸ்ட் 27-ல இன்னொரு 25%. எண்ணெய் வாங்க முடிவு பண்ணது டெல்லி, வரி போட்டது வாஷிங்டன். திருப்பூர்ல யாரையும் யாரும் கேட்கல.

ஒரு டி-ஷர்ட் கணக்கு

10 டாலர் காட்டன் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவுல ஏற்கெனவே 16.5% வரி உண்டு. கூடவே 50% சேர்ந்தா மொத்தம் 6.65 டாலர். கூடுதல் வரி 20% மட்டுமே இருந்த வங்கதேசத்து டி-ஷர்ட்டுக்கு 3.65 டாலர். பையர் ஒண்ணு விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லைன்னா ஆர்டரை அங்கே கொண்டு போயிடுவார்.

ஆர்டர் குறைஞ்சா முதல்ல வெட்டுறது ஆளை இல்ல, நேரத்தை. பனியன் கம்பெனியில ராத்திரி எட்டரை வரைக்கும் ஓடுற ஒன்றரை ஷிப்ட், சாயங்காலமே முடிஞ்சிடும். பீஸ் ரேட் டெய்லருக்குப் பீஸ் இல்லைன்னா காசும் இல்ல.

உங்க சம்பளம் எவ்வளவு?

உதாரணத்துக்கு, சம்பளம் 14,000, ஓவர்டைம் 6,000. "மாசம் 20,000"னு நம்பி வண்டிக்கும் போனுக்கும் 7,000 இஎம்ஐ போட்டாச்சு. ஓவர்டைம் நின்னா, வருமானத்துல பாதி இஎம்ஐக்கே போயிடும். மெர்ச்சண்டைசர் வேலையில இருக்கறவங்களுக்கு இன்சென்டிவ், ஐடி நண்பர்களுக்கு வேரியபிள் பே. பேருதான் வேற.

இப்பவே செய்ய வேண்டியது 3:

1. இஎம்ஐயை நிலையான சம்பளத்தை வெச்சு மட்டும் முடிவு பண்ணுங்க. ஓவர்டைம், போனஸ் எல்லாம் சேமிப்புக்கு.

2. ஏற்றுமதியை நம்புற வேலைன்னா, 6 மாசச் செலவுக்கு அவசர நிதி. ஒரே மாசத்துல சேராது. ஆர்டர் நிறைய இருக்கும்போதே ஆரம்பிங்க.

3. சம்பள ஸ்லிப்புல இஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்கிறாங்களான்னு பாருங்க. வேலை போனா, தகுதியுள்ளவங்களுக்கு இஎஸ்ஐயில 90 நாள் வரைக்கும் சராசரி தினக்கூலியில பாதி கிடைக்க வழி இருக்கு. பதிவே இல்லைன்னா அதுவும் கிடையாது.

2026 பிப்ரவரியில வரியைக் குறைக்க ரெண்டு நாடும் உடன்பாடு அறிவிச்சாங்க. சந்தோஷம். ஆனா நடுவுல போன அஞ்சாறு மாசச் சம்பளத்தை எந்த உடன்பாடும் திருப்பித் தராது.

உங்க அவசர நிதி எத்தனை மாசம் தாங்கும்? கமெண்ட்ல சொல்லுங்க.